சீத்தா கேம்ப் பிள்ளைகளுக்கு ஒரு செயலி

1976 மே மாதம் ஜனதா காலனியிலிருந்து அப்புறப்படுத்தப்பட்டு சீத்தா கேம்ப்புக்கு வந்து சேர்ந்த தமிழர்களின் பேரப்பிள்ளைகள் வீட்டில் தமிழ்தான் பேசுகிறார்கள். ஆனால் ஊரிலிருந்து வரும் கல்யாணப் பத்திரிகையைப் படிக்கச் சொன்னால் பலர் விழிக்கிறார்கள்.

கதை படிக்கச் செயலிகள் இல்லாமல் இல்லை. பிரதம் புக்ஸ் 2015-இல் தொடங்கிய ஸ்டோரிவீவரில் தமிழ்க் கதைகள் இலவசமாகவே கிடைக்கின்றன. கூகுள் 2020-இல் கொண்டு வந்த 'ரீட் அலாங்', பிள்ளை உரக்கப் படிப்பதைக் கேட்டுத் திருத்தும். அதில் தமிழும் உண்டு. வரவேற்க வேண்டியதுதான். ஆனால் இந்தி கலந்து தமிழ் பேசும் டிராம்பே பிள்ளையின் உச்சரிப்பு அதற்குப் பிடிபட வேண்டுமே!

அதற்குத்தான் பல்கலைக்கழகத்தார் வேண்டும். பக்கத்துத் தேவனாரிலேயே டாடா சமூக அறிவியல் கழகம் இருக்கிறது. அதுபோன்ற ஒரு நிறுவனமும் நூலகம் ஒன்றும் கைகோத்து, பெற்றோர் சம்மதத்துடன் இப்பிள்ளைகளின் குரலைப் பதிவு செய்து, இவர்களுக்கென்றே ஒரு செயலி அமைக்கலாகாதா? ஆண்டு விழா மேடைக்கும் மாலைக்கும் செலவிடும் நம் சங்கங்கள் அதில் ஒரு பங்கை இதற்கு ஒதுக்கினால் குறைந்தா போய்விடும்?

நூலகம் எதற்கு என்று கேட்கலாம். வீட்டிலுள்ள ஒரே கைப்பேசி அப்பாவோடு வேலைக்குப் போய் இரவு ஒன்பது மணிக்குத்தான் திரும்புகிறது. மாலை வேளையில் பிள்ளைகள் எடுத்துப் படிக்க நூலகத்தில் நாலு கைப்பேசிகளாவது இருக்க வேண்டும்.