ஈரலைக் காக்க ஒரு நாள் பேர் கொடு!



"குடிச்சாங்க, ஈரல் கெட்டுச்சு." நம்மில் ஒருவருக்குக் கண் மஞ்சளானால் தோட்டத்தில் முதலில் எழும் பேச்சு இதுதான். என்னிடம் படிக்கும் பிள்ளை ஒன்றின் தாய் கொழுந்து எடுப்பவர். சாராயத்தைத் தொட்டதே இல்லை. காசநோய்க்கு மாத்திரை எடுத்துவந்தார். பசியில்லை, வாந்தி வருகிறது என்று இரண்டு கிழமை சொல்லிக்கொண்டே மலைக்குப் போனார். கண் மஞ்சளான பிறகுதான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். ஏன் முன்பே போகவில்லை என்று கேட்டேன். "போனா அன்னைக்குப் பேர் போயிருமே, டீச்சர்" என்றார்.

காசநோய்க்கான சிகிச்சை வழமையாக 6 மாதம். முதல் 2 மாதம் கொடுக்கும் நான்கு மருந்துகளில் ஐசோனியாசிட், ரிஃபாம்பிசின், பைரசினமைட் மூன்றும் சிலருக்கு ஈரலைத் தாக்கக்கூடியவை. அதற்காக மருந்தை வெறுக்காதீர்கள். குணமாக்குவதும் அதுதான். இடையில் விட்டால் நோய் திரும்பும், லயத்தில் மற்றவருக்கும் பரவும்.

பசியின்மை, வாந்தி, தாங்காத களைப்பு, வலப்பக்க மேல்வயிற்று வலி, கண் மஞ்சள் ஆகியவற்றில் ஒன்று கண்டாலும் அடுத்த மாத்திரையை விழுங்குமுன் டொக்டரிடம் காட்டுங்கள். ரிஃபாம்பிசினால் சிறுநீர் செம்மஞ்சளாகப் போவது மட்டும் வழமையானது, பயம் வேண்டாம்.

மருந்தெடுக்கும் காலத்தில் கசிப்பும் சாராயமும் கூடாது. மேல்வலிக்குப் பனடோலை அள்ளிப் போடவும் கூடாது. சுகமாக இருப்பவருக்கே 500 மில்லிகிராம் மாத்திரை நாளுக்கு எட்டுக்கு மேல் ஆகாது. இது நம் பங்கு. சொல்ல எனக்குக் கூச்சமில்லை.

நிர்வாகத்தின் பங்கு எங்கே? அரசாங்க கிளினிக்கில் மருந்து இலவசம். ஆனால் மடுல்சீமையிலிருந்தோ லுணுகலையிலிருந்தோ பதுளைக்குப் போய்வர ஒரு நாள் போகிறது. அந்த நாளுக்குப் பேர் இல்லை. பஸ் காசும் நம் கைக்காசு. எல்லாப் பழியையும் குடியின் மேல் போட்டுவிட்டால் இந்தக் கணக்கை யாரும் கேட்கமாட்டார்கள் அல்லவா?

நாம் கேட்போம்:

கிளினிக் துண்டைக் காட்டினால் அன்றைக்கு முழுப் பேர் போட வேண்டும்.

ஈரல் பரிசோதனைக்கான இரத்தத்தைத் தோட்ட டிஸ்பென்சரியிலேயே எடுத்து அனுப்ப வேண்டும்.

மருந்து உறையில் தமிழில் எழுத வேண்டும். 1987இன் 13ஆவது திருத்தத்திலேயே தமிழும் அரசகரும மொழி. இது சலுகை அல்ல, உரிமை.

தோட்டத் தலைவர்களே, இந்த மூன்றையும் எழுதி, கையெழுத்து வாங்கி, தொரையிடம் கொடுங்கள். இன்னொரு தாய்க்குக் கண் மஞ்சளாகும்வரை காத்திருக்க வேண்டாம்.