ஹிப்-ஹாப்பை யாரும் திணிக்கவில்லை

அமெரிக்க இசையில் ஹிப்-ஹாப் எப்படி முதலிடத்துக்கு வந்தது என்று கேட்டால் பெரும்பாலோர் ஒரே கதையைத்தான் சொல்கிறார்கள். பெரிய கம்பெனிகள் கூடிப் பேசி, பணத்தைக் கொட்டி, வசவும் துப்பாக்கியும் நிறைந்த ராப் பாட்டை இளைஞர்கள் தலையில் கட்டிவிட்டனவாம். இந்தக் கதைக்கு ஒரு முரட்டு வடிவமும் உண்டு. 2012-இல் பெயர் போடாத கடிதம் ஒன்று இணையத்தில் பரவியது. 1991-இல் லாஸ் ஏஞ்சல்ஸுக்கு வெளியே ஒரு வீட்டில் இசைத்துறைப் பெரும்புள்ளிகளைக் கூட்டி, தனியார் சிறைகளை நிரப்புவதற்கு வசதியாகக் குற்றத்தைக் கொண்டாடும் ராப்பை வளர்க்கச் சொன்னார்கள் என்பது அதன் சாரம். எழுதியவர் யாரென்று இன்றுவரை தெரியாது. கூட்டம் நடந்ததற்கு ஆதாரம் எதுவும் வெளிவரவில்லை. ஆனாலும் படித்தவர்கள்கூட அந்தக் கடிதத்தை நம்புகிறார்கள். நம்பக் கூச்சப்படுகிறவர்கள் "எல்லாம் மார்க்கெட்டிங்" என்று நாகரிகமாக முடித்துக்கொள்கிறார்கள்.

இரண்டு தரப்பும் சொல்வது தவறு. அமெரிக்க இசைத்தொழில் ஹிப்-ஹாப்பை வளர்க்கவில்லை. ஏறக்குறைய இருபது வருடம் அதைத் தள்ளியே வைத்திருந்தது. அதைவிட மோசம், அதைக் கேட்ட லட்சக்கணக்கானவர்களை எண்ணாமலே விட்டது. எண்ணும் முறையைத் திருத்தியதும் பட்டியல் தலைகீழானது. நடந்தது இதுதான்.

தொடக்கத்தைப் பார்ப்போம். 1973 ஆகஸ்ட் 11. நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதி, 1520 செட்ஜ்விக் அவென்யூ. அந்த அடுக்குமாடிக் குடியிருப்பின் பொது அறையில் சிண்டி கேம்பெல் என்ற பெண் ஒரு பார்ட்டி வைக்கிறாள். பள்ளி திறக்கப்போகிறது, புதுத்துணிக்குக் காசு வேண்டும். நுழைவுக் கட்டணம் பெண்களுக்கு 25 சென்ட், ஆண்களுக்கு 50 சென்ட். இசைத்தட்டு போடுபவர் அவளுடைய அண்ணன் கிளைவ். ஜமைக்காவில் பிறந்து சிறுவயதில் பிராங்க்ஸுக்கு வந்தவர். ஊர் அவரை டிஜே கூல் ஹெர்க் என்று அழைத்தது. ஆடுகிறவர்களை அவர் கூர்ந்து பார்த்தார். பாடகரும் மற்ற வாத்தியங்களும் ஒதுங்கிக்கொண்டு டிரம் மட்டும் தனியாக ஒலிக்கும் சில நொடிகள் பாட்டில் வரும். அதை 'பிரேக்' என்பார்கள். நன்றாக ஆடுகிறவர்கள் அந்த நொடிகளுக்காகவே காத்திருந்தார்கள். ஹெர்க் ஒரே தட்டின் இரண்டு பிரதிகளை இரண்டு டர்ன்டேபிளில் வைத்தார். ஒன்றில் பிரேக் முடியும்போது மற்றதில் அதே பிரேக்கின் தொடக்கத்தில் ஊசியை வைத்தார். அது ஓடும் நேரத்தில் முதல் தட்டைப் பின்னுக்குச் சுழற்றி மறுபடி தயாராக்கினார். சில நொடி டிரம் பல நிமிடம் நீண்டது. அதன்மேல் மைக்கைப் பிடித்து வந்தவர்களைப் பெயர் சொல்லி உசுப்பேற்றிய பேச்சுதான் பிறகு ராப் ஆயிற்று.

இதில் எந்தக் கம்பெனி இருந்தது? ஹிப்-ஹாப்பை நாடறியச் செய்த 'ராப்பர்ஸ் டிலைட்' 1979-இல்தான் தட்டாக வந்தது. அதுவரை ஆறு வருடம் பூங்காக்களிலும் பள்ளி உடற்பயிற்சிக் கூடங்களிலும், கைமாறி ஓடிய கேசட்டுகளிலும் இந்த இசை வாழ்ந்தது. அந்தத் தட்டைப் போட்டவரும் ஒரு பெருங்கம்பெனி முதலாளி இல்லை. சில்வியா ராபின்சன் தானே பாடகி. நியூ ஜெர்சியில் இங்கிள்வுட் என்ற சிறு நகரில் கணவரோடு சுகர்ஹில் என்ற சிறு நிறுவனத்தை நடத்தியவர். டெஃப் ஜாம் நிறுவனம் தொடங்கிய இடம் நியூயார்க் பல்கலைக்கழக மாணவர் விடுதி அறை. மெர்குரி கம்பெனி 1979-லேயே ராப்பர் கர்டிஸ் ப்ளோவை ஒப்பந்தம் செய்ததை மறைக்க மாட்டேன், அது விதிவிலக்கு. மற்ற பெரிய கம்பெனிகள் ராப்பை இரண்டு கோடையில் ஓய்ந்துவிடும் மோகம் என்றே கணக்குப் போட்டன. சிறு நிறுவனங்கள் விற்றுக் காட்டிய பிறகுதான் கொலம்பியா போன்றவை வந்து விநியோகத்துக்குக் கைகொடுத்தன.

திணித்தார்கள் என்கிறவர்களிடம் கேட்கிறேன்: எந்த வழியாகத் திணித்தார்கள்? ரேடியோ வழியாகவா? பல ஊர்களில் ரேடியோ நிலையங்கள் "எங்களிடம் ராப் கிடையாது" என்பதையே விளம்பர வாசகமாக வைத்திருந்தன. கறுப்பினத்தவருக்கான நிலையங்கள்கூட விளம்பரதாரர்களுக்குப் பயந்து ராப்பை இரவுக்கும் வாரக்கடைசிக்கும் ஒதுக்கின. தொலைக்காட்சி வழியாகவா? எம்டிவி 1981-இல் தொடங்கியது. கறுப்பினக் கலைஞர்களை ஏன் இவ்வளவு குறைவாகக் காட்டுகிறீர்கள் என்று டேவிட் போவி 1983-இல் அந்தச் சேனலின் பேட்டியிலேயே கேட்டார். ராப்புக்கென்று தனி நிகழ்ச்சி அங்கே வர 1988 ஆகஸ்ட் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. விருதுகள் வழியாகவா? கிராமி முதன்முதலில் 1989-இல் ராப்புக்கு ஒரு விருது கொடுத்தது. ஆனால் அதை வழங்குவதைத் தொலைக்காட்சியில் காட்ட மறுத்தது. வென்ற ஜாஸி ஜெஃபும் பிற்காலத்தில் வில் ஸ்மித்தாக உலகறிந்த ஃப்ரெஷ் பிரின்ஸும் விழாவையே புறக்கணித்தார்கள்.

அரசும் சும்மா இருக்கவில்லை. 1989-இல் எஃப்.பி.ஐ. உயரதிகாரி ஒருவர், என்.டபிள்யூ.ஏ. குழுவின் பாட்டு போலீசாருக்கு எதிரான வன்முறையைத் தூண்டுகிறது என்று அவர்களுடைய விநியோக நிறுவனமான பிரையாரிட்டிக்குக் கடிதம் எழுதினார். உலர்திராட்சை விளம்பரப் பொம்மைகள் பாடுவதாகப் போட்ட ஆல்பத்தில் காசு பார்த்த சிறு நிறுவனம் அது. 1990-இல் ஃபுளோரிடாவில் ஒரு கூட்டாட்சி நீதிபதி டூ லைவ் க்ரூ என்ற ராப் குழுவின் ஆல்பத்தை ஆபாசம் என்று தீர்ப்பளித்தார். தீர்ப்பு 1992-இல் மேல்முறையீட்டில் ரத்தானது; ஆனால் அதற்குள் அந்த ஆல்பத்தை விற்ற கடைக்காரர் ஒருவர் கைதாகியிருந்தார். இவ்வளவு பேர் கூடித் தடுத்த ஒன்றைத் திணித்தார்கள் என்று சொல்ல எப்படி மனம் வருகிறது?

இனி, எண்ணிக்கை. என் வாதத்தின் உயிர் இதில்தான் இருக்கிறது. அமெரிக்காவில் எந்த ஆல்பம் அதிகம் விற்கிறது என்று நாட்டுக்குச் சொல்வது பில்போர்டு பத்திரிகையின் பட்டியல். 1991 வசந்தம் வரை அந்தப் பட்டியல் எப்படித் தயாரானது தெரியுமா? வாராவாரம் பத்திரிகை அலுவலகத்திலிருந்து இசைத்தட்டுக் கடைகளுக்குத் தொலைபேசி அழைப்பு போகும். "இந்த வாரம் எது நன்றாகப் போகிறது?" கடை மேலாளரோ கல்லாவில் நிற்கும் பையனோ வரிசையாகப் பெயர்களைச் சொல்வார். எத்தனை பிரதி என்று யாரும் கேட்பதில்லை. முதல், இரண்டாவது, மூன்றாவது, அவ்வளவுதான். சொல்கிறவருக்கு ராக் பிடித்தால் ராக் மேலே போகும். கிடங்கில் தேங்கிய சரக்கு கரைய வேண்டுமென்றால் அந்தப் பெயர் மேலே போகும். கம்பெனி ஆள் இலவசத் தட்டும் கச்சேரி டிக்கெட்டும் கொடுத்திருந்தால் அந்தக் கம்பெனியின் ஆல்பம் மேலே போகும். கறுப்பினச் சிறுவர்களும் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளும் அள்ளிப்போன தட்டுகள் அந்த வரிசையில் கீழேயே கிடந்தன. கன்ட்ரி இசைக்கும் ஹெவி மெட்டலுக்கும் இதே கதிதான்.

மைக் ஷாலெட், மைக் ஃபைன் என்ற இருவர் சவுண்ட்ஸ்கேன் என்ற முறையைக் கொண்டுவந்தார்கள். கல்லாவில் பார்கோடு படிக்கப்படும்போதே ஒவ்வொரு விற்பனையும் பதிவாகிவிடும். 1991 மே 25 தேதியிட்ட இதழிலிருந்து பில்போர்டு ஆல்பம் பட்டியல் அந்தக் கணக்கில் வந்தது. கன்ட்ரிப் பாடகர் கார்த் புரூக்ஸ் மளமளவென்று மேலே ஏறினார். அடுத்த மாதமே என்.டபிள்யூ.ஏ.-வின் இரண்டாவது ஆல்பம் நேராக இரண்டாம் இடத்தில் நுழைந்து, மறுவாரம் முதலிடத்தைப் பிடித்தது. பெரிய ரேடியோ நிலையங்கள் தொட மறுத்த குழு, நாட்டின் முதல் ஆல்பம்! மே மாதத்துக்கும் ஜூன் மாதத்துக்கும் இடையில் அமெரிக்கர்களின் ரசனை மாறிவிடவில்லை. அவர்கள் முன்பே வாங்கிக்கொண்டிருந்தார்கள்.

2015-இல் லண்டன் ஆய்வாளர்கள் பில்போர்டின் தனிப்பாடல் பட்டியலான ஹாட் 100-இல் 1960 முதல் 2010 வரை இடம்பெற்றவற்றிலிருந்து சுமார் 17,000 பாடல்களைக் கணினியில் ஆராய்ந்து, அமெரிக்க வெகுசன இசையில் மூன்று புரட்சிகள் நடந்ததாகச் சொன்னார்கள்: 1964, 1983, 1991. மூன்றில் பெரியது ராப் வந்த 1991. பீட்டில்ஸ் காலத்தைவிடப் பெரிய மாற்றம் என்று பத்திரிகைகள் கொண்டாடின. நல்ல உழைப்பு, மறுக்கவில்லை. ஆனால் ஹாட் 100-உம் அதே 1991 நவம்பரில்தான் கணினிக் கணக்குக்கு மாறியது. பாட்டு மாறிய ஆண்டும் எண்ணும் முறை மாறிய ஆண்டும் ஒன்றாக இருக்கும்போது, புரட்சி என்று தெரிந்ததில் ஒரு பகுதி, அதுவரை மறைந்திருந்தது வெளியே வந்ததுதான். இந்தத் தகவல் பல செய்திகளில் இல்லாமல் போனது எனக்கு வருத்தம்.

ஒரு பதில் வாதத்தை நேராகவே எதிர்கொள்கிறேன். எம்.சி. ஹேமரின் ஆல்பம் 1990-இலேயே 21 வாரம் முதலிடத்தில் இருந்ததே, வனில்லா ஐஸின் பாட்டு அதே ஆண்டு ஹாட் 100-இன் உச்சிக்குப் போனதே என்பார்கள். போயின. பெரிய கம்பெனிகள் உண்மையில் முன்னுக்குத் தள்ளிய ராப் அதுதான்: நடனமும் பளபளப்பும் கொண்டது, யாரையும் பயமுறுத்தாதது. ஹேமர்கூடக் கம்பெனி கதவு திறப்பதற்கு முன் ஓக்லாந்தில் தன் காரிலிருந்து தட்டு விற்றவர்தான். கம்பெனிகளின் கைக்கு அத்தனை பலம் இருந்தால் அந்த ராப்தான் நிலைத்திருக்க வேண்டும். சில வருடங்களில் அது ஓய்ந்தது. அவர்கள் ஒதுக்கி வைத்தது நிலைத்தது.

புறநகர் வெள்ளைப் பிள்ளைகள் வாங்கியதால்தான் வளர்ந்தது என்பது இன்னொரு வாதம். வாங்கினார்கள், உண்மை. ஆனால் பார்கோடு கருவி முதலில் வந்தது பெரிய மால்களில் இருந்த சங்கிலிக் கடைகளுக்கு. கறுப்பினத்தவர் குடியிருப்புகளில் இருந்த சின்னக் கடைகள் பலவற்றுக்கு அது எட்டவில்லை. புதுக் கணக்கிலும் முதல் ரசிகர்கள் குறைவாகவே பதிவானார்கள்.

கம்பெனிகளுக்கு நான் நற்சான்று தரவில்லை. அவர்கள் மேல் சாட்ட வேண்டிய குற்றம் வேறு. பணம் தெரிந்த பிறகு ஓடிவந்து, பரந்து கிடந்ததைச் சுருக்கினார்கள். 1991 டிசம்பரில் ராப்பர் பிஸ் மார்க்கிக்கு எதிராக வந்த தீர்ப்புக்குப் பிறகு, பழைய தட்டிலிருந்து ஒரு துண்டு ஒலியை எடுத்தாள்வதற்கும் முன் அனுமதி, முன் பணம் என்றாயிற்று. பப்ளிக் எனிமியும் டி லா சோலும் டஜன் கணக்கில் ஒலித்துண்டுகளை அடுக்கிக் கட்டிய அந்த அற்புதமான முறை ஏழைக் கலைஞனுக்கு எட்டாமல் போனது. டி லா சோலின் தொடக்க ஆல்பங்கள் உரிமைச் சிக்கலில் மாட்டி 2023 மார்ச் வரை ஸ்ட்ரீமிங்கில் கிடைக்கவே இல்லை. 1996-இன் தொலைத்தொடர்புச் சட்டம் ஒரே நிறுவனம் நாடளவில் எத்தனை ரேடியோ நிலையங்களை வேண்டுமானாலும் வைத்துக்கொள்ள வழிவிட்டது. கிளியர் சேனல் ஆயிரத்துக்கு மேல் வாங்கிக் குவித்தது. ஊருக்கு ஊர் வேறுபட்ட குரல்கள் அமுங்கி, நாடெங்கும் ஒரே பட்டியல் ஓடியது. இதற்காகக் கம்பெனிகளைத் திட்டுங்கள், நானும் சேர்ந்து திட்டுகிறேன். ஆனால் ஹிப்-ஹாப்பைப் படைத்த பெருமையை அவர்களுக்குத் தராதீர்கள்.

பிறகு நடந்ததும் இதையே காட்டுகிறது. 1998-இல் ராப் முதன்முறையாகக் கன்ட்ரி இசையை விற்பனையில் முந்தியது. இணையப் பதிவிறக்கங்களைப் பட்டியலில் சேர்த்த பிறகு, யாழ்ப்பாணத்தில் குழந்தைப்பருவத்தைக் கழித்த நம் ராப் பாடகி மாயா அருள்பிரகாசத்தின் 'பேப்பர் பிளேன்ஸ்' 2008-இல் ஹாட் 100-இன் நான்காம் இடத்தைத் தொட்டது. 2014 இறுதியில் ஆல்பம் பட்டியலும் ஸ்ட்ரீமிங்கை எண்ணத் தொடங்கியது. மூன்றே ஆண்டில், 2017-இல், ஆர் அண்ட் பி-யும் ஹிப்-ஹாப்பும் சேர்ந்த பிரிவு ராக்கைத் தாண்டி அமெரிக்காவில் அதிகம் கேட்கப்படும் இசையானது என்று நீல்சன் கணக்கெடுப்பு நிறுவனம் அறிவித்தது. அதே ஆண்டு சான்ஸ் த ராப்பர் எந்தக் கம்பெனியிலும் கையெழுத்துப் போடாமல், கடையில் தட்டே விற்காமல், ஸ்ட்ரீமிங்கில் மட்டும் வெளியிட்ட ஆல்பத்துக்குக் கிராமி வாங்கினார்.

இந்தப் பொய்க்கதை எனக்குக் கோபமூட்டுவதன் காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். இடிந்த கட்டடங்களுக்கு நடுவே வளர்ந்த கறுப்பின, போர்ட்டோ ரிக்கோப் பிள்ளைகள், அப்பா அம்மாவின் தட்டுகளையும் பழைய ஒலிபெருக்கிகளையும் வைத்துத் தங்கள் காதாலும் கையாலும் ஒரு கலையை உண்டாக்கினார்கள். அது உலகத்தை வென்றது. அந்த வெற்றியைக் குளிர்சாதன அறையில் உட்கார்ந்த யாரோ சிலரின் சதி என்பது, அந்தப் பிள்ளைகளிடமிருந்து அவர்கள் படைத்ததைப் பிடுங்குவது. கேட்டவர்களுக்குச் சொந்த புத்தி இல்லை என்பதும் அதற்குள் அடங்கியிருக்கிறது.

2025 அக்டோபர் இறுதியில் ஹாட் 100-இன் முதல் 40 இடங்களில் ஒரு ராப் பாட்டுகூட இல்லை. 1990-க்குப் பிறகு முதல் முறை. "ஹிப்-ஹாப் செத்தது" என்ற கட்டுரைகள் உடனே வந்தன. ராப்பின் பங்கு சில ஆண்டுகளாக இறங்கியிருப்பது உண்மை. அதே நேரத்தில் பில்போர்டு பழைய பாட்டுகளைப் பட்டியலிலிருந்து நீக்கும் விதியை இறுக்கியிருந்தது. கென்ட்ரிக் லமாரும் சிஸாவும் பாடி மாதக்கணக்கில் நின்ற 'லூதர்' அந்த விதியால்தான் வெளியே போனது. இரங்கல் எழுத உட்காருகிறவர்களிடம் என் வேண்டுகோள் ஒன்றே: அந்த வாரம் எண்ணியது யார், எதைச் சேர்த்தார்கள், எதை விட்டார்கள் என்று முதலில் விசாரியுங்கள், பிறகு எழுதுங்கள்.