ஒரே ஒரு தவறை மன்னித்த கருவி



படம் வரையத் தொடங்கும் குழந்தையின் கையைக் கூர்ந்து நோக்கினால், கோடு இழுக்கும் முன் அது ஒரு கணம் தயங்குவதைக் காணலாம். தாளில் ஒருமுறை பதிந்த மை திரும்ப வாராது என்னும் அச்சமே அத்தயக்கத்திற்குக் காரணம். அந்த அச்சத்தைப் போக்க முயன்ற ஒரு கருவியைப் பற்றி இத்திங்கள் சிந்திப்போம். அதனைக் கற்கத் தொடங்கியோர் பெற்ற முதற்பாடம் நம் இல்லங்களுக்கும் பொருந்தும் என்பது நம் எண்ணம்.

1984ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 24ஆம் நாள், அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் ஆப்பிள் நிறுவனம் மெக்கின்டாஷ் என்னும் சிறு கணிப்பொறியை வெளியிட்டது. அதன் விலை 2,495 டாலர். நினைவகம் 128 கிலோபைட் மட்டுமே. 9 அங்குலத் திரையில் அகலவாக்கில் 512, உயரவாக்கில் 342 என மொத்தம் 1,75,104 புள்ளிகள் இருந்தன. ஒவ்வொரு புள்ளியும் ஒன்று கறுப்பு, அன்றேல் வெள்ளை. வேறு வண்ணம் கிடையாது.

இந்தக் கணிப்பொறியோடு வழங்கப்பட்டதே மேக்பெயின்ட் என்னும் ஓவிய மென்பொருள். அதனை ஆக்கியவர் பில் அட்கின்சன். 2025ஆம் ஆண்டு சூன் 5ஆம் நாள் அவர் மறைந்தார். அவரோடு பணியாற்றிய ஓவியர் சூசன் கேர், ஜப்பானிய மரச்செதுக்கு ஓவியம் ஒன்றைத் தழுவி, கூந்தல் வாரும் பெண்ணொருத்தியை அதிலே வரைந்து காட்டினார். கறுப்பும் வெள்ளையுமான வெறும் புள்ளிகளால் ஒரு பெண்ணின் நீண்ட கூந்தலையே இழையிழையாகக் காட்ட முடியும் என்பதைக் கண்டு மக்கள் வியந்தனர். ஆலயச் சுவர்களில் சிறு கற்களைப் பதித்து உருவங்கள் அமைக்கும் கலையும், துணியில் கட்டம் எண்ணிப் போடும் பூத்தையலும் இவ்வகையைச் சேர்ந்தவையே அன்றோ?

முதன்முறையாக அதன் முன் அமர்ந்தவர் எவ்வாறு தொடங்கினார்? கையடக்கமான வட்டைப் பொறியினுள் செலுத்தி, மௌஸ் என்னும் கருவியை மேசைமீது நகர்த்துவார். திரையின் இடப்புறத்தில் பென்சில், தூரிகை, அழிப்பான், தெளிப்பான், வண்ண வாளி ஆகியவற்றின் சிறு படங்கள் வரிசையாக நிற்கும். கீழே செங்கல், ஓடு, கோடு, புள்ளி எனப் பலவகை நிரப்பு வடிவங்கள் இருக்கும். தமக்கு வேண்டியதைச் சுட்டி அழுத்தினால் போதும்; அக்கருவி கைக்கு வந்துவிடும்.

பலருக்கும் முதற்படம் ஒரு வீடே. கட்டம் வரையும் கருவியை எடுத்து மூலைக்கு மூலை இழுத்தால் சுவர் எழும்பும். நேர்கோட்டுக் கருவியால் இரு கோடுகள் சாய்த்தால் கூரை அமையும். செங்கல் வடிவத்தைத் தேர்ந்து, வண்ண வாளியைச் சுவரினுள் கவிழ்த்தால், ஒரு நொடியில் செங்கற்சுவர் நிறைந்துவிடும். தொடங்கியவர் மனம் மகிழ்ச்சியால் பூரிக்கும்.

பின்னர் கூரைக்கு ஓடு வேயும்போதுதான் அந்த விபத்து நேரும். சாய்த்த கோடுகள் இரண்டும் உச்சியில் முற்றிலும் பொருந்தாமல், ஒரே ஒரு புள்ளியளவு இடைவெளி இருந்திருக்கும். கண்ணுக்கு அது புலப்படாது. ஆனால் வாளியைக் கவிழ்த்தவுடன் ஓட்டு வடிவம் அவ்விடைவெளி வழியே வழிந்து, வானம் முழுவதும் பரவிவிடும். வீட்டைச் சூழ்ந்த வெண்மை யாவும் மறைந்துபோகும்.

அட்கின்சன் இதனை முன்னரே எண்ணியிருந்தார். 'அன்டூ' என்னும் கட்டளையை அழுத்தினால், கடைசியாகச் செய்தது நீங்கி, படம் முந்தைய நிலைக்குத் திரும்பும். தற்போதைய படத்தோடு அதற்கு முந்தைய நிலையையும் கணிப்பொறி தன் நினைவில் வைத்திருந்ததே இதன் இரகசியம். தவறு செய்யலாம், திரும்பி வரலாம் என்னும் துணிவு பிறந்ததும், நடுங்கிய கைகளும் வரையத் தொடங்கின.

ஆயினும் அதற்கு ஓர் எல்லை இருந்தது. அந்தச் சிறு நினைவகத்தில் ஒரு முந்தைய நிலைக்கு மட்டுமே இடம் இருந்தது. வானம் நிறைந்ததைக் கவனியாமல் இன்னொரு கோடு இழுத்துவிட்டால், அக்கோட்டை மட்டுமே நீக்க இயலும். முந்தைய பிழை படத்தில் நிலைத்துவிடும். முன்பு வட்டில் சேமித்த படத்திற்குத் திரும்பலாம். ஆனால் சேமித்தபின் வரைந்த நல்லவையும் அதனோடு போய்விடும். நல்லதையும் இழவாமல் பிழையைத் திருத்த வேண்டுமாயின் ஒரே வழிதான் உண்டு.

'ஃபேட் பிட்ஸ்' என்பது அவ்வழி. அதனைத் தேர்ந்தால் படத்தின் ஒரு சிறு பகுதி எட்டு மடங்கு பெரிதாகத் தோன்றும். ஒவ்வொரு புள்ளியும் ஒரு சதுரமாய் நிற்கும். பென்சிலால் வெள்ளைச் சதுரத்தைத் தொட்டால் அது கறுப்பாகும். கறுப்பைத் தொட்டால் வெள்ளையாகும். ஒளிந்திருந்த அந்த இடைவெளியையும் அங்கேதான் காண முடியும். ஒரே தொடுதலில் அதனை அடைத்துவிடலாம். வானத்தில் பரவியதைப் பரந்த வெளியில் அழிப்பானால் துடைத்து, கூரையின் ஓரங்களில் புள்ளி புள்ளியாக வெண்மையாக்க வேண்டும். திரையின் மூலையில் அப்பகுதி தன் உண்மை அளவில் தெரிந்துகொண்டே இருக்கும். முழு உருவத்தை மறவாமல் சிறு புள்ளியைத் திருத்த அது துணை செய்யும்.

இன்று நிலைமை மாறிவிட்டது. நம் பிள்ளைகள் கைபேசியில் படம் வரையும்போது பத்துப் படிகள் பின்னே செல்வதும் எளிது. அதனால் அவர்களுக்கு நன்மை உண்டு, நாம் மறுக்கவில்லை. ஆனால் வாழ்க்கை அந்த 1984ஆம் ஆண்டுக் கருவியையே பெரிதும் ஒத்திருக்கிறது.

கணவன் மனைவியிடம் கடுஞ்சொல் ஒன்றை வீசிவிடுகிறான். அந்நொடியே 'தவறிச் சொல்லிவிட்டேன், மன்னித்துக்கொள்' என்றால் பெரும்பாலும் அது அங்கேயே நீங்கிவிடும். அவன் சொல்வதில்லை. மறுநாள் வேலை, அதற்கடுத்த நாள் விருந்தினர் என நாட்கள் நகர்கின்றன. அதன்மேல் எத்தனையோ கோடுகள் விழுந்துவிடுகின்றன. பின்னர் ஒரே சொல்லில் அதனை நீக்க முயன்றால் முடிவதில்லை. ஒரு புள்ளியளவு இடைவெளி வீட்டின் வானம் முழுவதையும் இருளச் செய்திருக்கும்.

அப்போது சிலர் பழைய உறவையே துறந்துவிட நினைக்கின்றனர். சேமித்த படத்திற்குத் திரும்புவது போல், பெற்றோர் வீட்டிற்கே திரும்பிவிட எண்ணுகின்றனர். இடையே வரைந்த நல்லவை எத்தனை! அவற்றையும் சேர்த்தன்றோ இழக்க நேரும்? அடிக்கு அஞ்சி ஓடவேண்டிய கொடுமை நிலவும் வீடுகளைக் குறித்து நாம் இதனைச் சொல்லவில்லை. அங்கே உயிரைக் காப்பதே முதற்கடமை.

பாவசங்கீர்த்தனத்தில் முழந்தாளிடும் நமக்கு இவ்வுண்மை புதிதன்று. இறைவனின் மன்னிப்புக்கு ஒரு படி, இரண்டு படி என்னும் எல்லை இல்லை. எத்தனை ஆண்டுப் பாவமாயினும் மனம் வருந்தி அறிக்கையிடுவோர்க்கு அவர் முழுமையாக மன்னிக்கிறார். ஆயினும் திருடியதைத் திருப்பிக் கொடுப்பதும், கெடுத்த பெயரைச் சீர்ப்படுத்துவதும், புண்படுத்திய மனத்தை ஆற்றுவதும் நம் கடன் என்று திருச்சபை கற்பிக்கிறது. பரிகாரம் என்று நாம் சொல்வது இதனையே. ஆண்டவர் சக்கேயுவின் வீட்டிற்குத் தாமாகவே வந்தார். சக்கேயுவோ, ஏமாற்றியதை நான்கு மடங்காகத் திருப்பித் தருவதாக எழுந்து நின்று வாக்களித்தான். மன்னிப்பு அவன் கணக்கேட்டை மூடிவிடவில்லை. அதனைத் திறக்கும் துணிவையே அவனுக்குத் தந்தது.

ஆகவே பெற்றோர்களே, பிள்ளைகள் பிழை செய்யும்போது அச்சுறுத்தாதீர்கள். அஞ்சிய கை வரையாது. அதே வேளையில், 'பரவாயில்லை' என்று மட்டும் சொல்லி விட்டுவிடவும் வேண்டாம். எந்தப் புள்ளியில் இடைவெளி விழுந்தது என்பதைப் பெரிதாக்கிக் காட்டி, அதனை அடைக்கும் பென்சிலையும் அவர்கள் கையிலேயே கொடுங்கள்.

இன்றிரவு குடும்பச் செபம் முடிந்தபின், நம் வீட்டில் நீக்கப்படாமல் நின்றுவிட்ட பிழை எது என்று ஒவ்வொருவரும் எண்ணிப் பார்ப்போம். இன்று நிகழ்ந்ததாயின், உறங்கும் முன்னரே மன்னிப்புக் கேட்போம். நெடுநாளையதாயின், மனந்தளராமல் முதற்புள்ளியைத் தொடுவோம்.