எல்லாம் வாய்வு அல்ல

"டொக்டர், வாய்வு பிடிச்சிட்டுது." எம்மவர் அநேகர் என் அறைக்குள் வந்து அமர்ந்ததும் சொல்லும் முதல் வசனம் இது. நெஞ்செரிவும் வாய்வு, மலச்சிக்கலும் வாய்வு, முதுகில் குத்தினாலும் வாய்வு. மல்லித்தண்ணீர் குடித்து, ஊரிலிருந்து வந்தவர் கொண்டுவந்த குளிசைகளும் முடிந்த பின்னரே வைத்தியரின் நினைவு வரும். கைமருந்தை நான் குறை சொல்லவில்லை. உள்ளி போட்ட ரசம் எனக்கும் பிடிக்கும். ஆனால் இந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் நாட்களைக் கடத்துவதுதான் ஆபத்து என்பேன்.

வயிற்றுப் புண்ணையே எடுத்துக்கொள்வோம். காரமும் கவலையும்தான் காரணம் என்று கேட்டே நாம் வளர்ந்தோம். நாம் வாழும் இதே அவுஸ்திரேலியாவில், பேர்த் நகரில், 1980களின் தொடக்கத்தில் பரி மார்ஷல், ரொபின் வொரன் என்ற இரு மருத்துவர்கள் ஹெலிக்கோபக்டர் பைலோரி என்ற கிருமியைக் கண்டறிந்தனர். பலர் நம்ப மறுக்கவே, 1984இல் மார்ஷல் அக்கிருமியைத் தாமே குடித்து இரைப்பை அழற்சியை வரவழைத்துக் காட்டினார்! 2005இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. பெரும்பாலும் சிறுவயதில், நெரிசலான இருப்பிடங்களில் தொற்றும் கிருமி இது. இடம்பெயர்ந்து, ஒரே கூரையின் கீழ் பல குடும்பங்களாக வாழ்ந்தவர்கள் எம்மில் எத்தனை பேர்! மூச்சுப் பரிசோதனையில் கண்டுபிடித்து, ஓரிரு வார மருந்துகளால் அழித்துவிடலாம். ஒமெப்ரசோல் போன்ற குளிசைகளை எடுத்துக்கொண்டே சோதித்தால் கிருமி இருந்தும் இல்லையென்று முடிவு வரலாம். இரண்டு வாரம் முன்பே அதை நிறுத்துவதுபற்றி வைத்தியரிடம் கேளுங்கள். மற்றக் காரணம் நோக்குளிசை. முழங்கால் நோவுக்குத் தினமும் ஐபுரூஃபென், வொல்டரன் விழுங்குவோர் அதையொரு மருந்தாகவே எம்மிடம் சொல்வதில்லை.

தார்போலக் கறுத்த மலம், இரத்த வாந்தி, விழுங்கச் சிரமம், காரணமின்றி மெலிதல் – இவற்றுக்குக் காத்திருக்க வேண்டாம். நெஞ்சிலோ மேல்வயிற்றிலோ இறுக்கமும் வியர்வையும் வந்தால் சோடா குடித்துப் பார்க்காமல் 000ஐ அழையுங்கள். அது மாரடைப்பாக இருக்கலாம். நீரிழிவுக்காரருக்கு நெஞ்சுவலி இல்லாமலே அது வருவதுண்டு.

பேரப்பிள்ளையை மொழிபெயர்க்க அழைத்துவரும் வழக்கமும் எனக்கு உடன்பாடில்லை. பதின்மூன்று வயதுப் பேரன் முன்னால், மலத்தோடு இரத்தம் போவதை எந்த அம்மம்மா சொல்லுவா? வாய்வு என்றுதான் சொல்லுவா. 131 450 என்ற இலக்கத்தில் தமிழ் உரைபெயர்ப்பாளர் கிடைப்பார். நேரம் பதியும்போதே கேட்டால் வைத்தியரே ஒழுங்கு செய்வார். மெடிக்கெயர் உள்ளவருக்குக் கட்டணமில்லை.

50 முதல் 74 வயதுவரை இரண்டு ஆண்டுக்கொருமுறை குடற்புற்றுநோய்ச் சோதனைப் பெட்டி தபாலில் இலவசமாக வருகிறது. 2024 யூலை முதல் 45 வயதினரும் கேட்டுப் பெறலாம். அது அறிகுறி இல்லாதவர்க்கானது. இரத்தம் கண்டவர் நேரே வைத்தியரிடம் போகவேண்டும். எம் வீடுகளில் அது அருவருப்பால் அலுமாரியில் கிடக்கிறது. எடுத்துப் பாருங்கள், காலாவதித் திகதி போட்டிருக்கும். கடந்திருந்தால் புதியது கேட்டு எடுக்கலாம்.