ஜாமீன் கோர்ட்டில் ஊரார் கண்

குற்றம் இன்னும் நிரூபணமாகாத ஏழை, ரொக்கம் கட்ட வகையில்லாத ஒரே காரணத்தால் சிறையில் வாடுவதும், அதே குற்றம் சாட்டப்பட்ட தனவான் அன்று மாலையே வீடு சேர்வதும், மிதமிஞ்சிய ஜாமீன் தொகை கேட்கலாகாது என்று 1791-லேயே அரசியல் சாசனத்தில் எழுதி வைத்துக்கொண்ட அமெரிக்காவில், வெகுகாலம் சர்வசாதாரணமாக நடந்து வந்தன.

சிகாகோ நகரம் அடங்கிய குக் கவுண்டியின் அன்றைய தலைமை நீதிபதி திமோதி எவன்ஸ், பிரதிவாதியால் கட்ட இயலும் தொகையையே விதிக்க வேண்டும் என்று 2017 ஜூலையில் கட்டளை பிறப்பித்தார். செப்டம்பர் 18-இல் அது அமலுக்கு வந்தது. கட்டளை பிறந்துவிட்டது, இனி எல்லாம் சுபம் என்று இருந்துவிடாமல், ரொக்க ஜாமீனை எதிர்த்துப் பாடுபட்ட சங்கங்களின் தொண்டர்கள், அது அமலாவதற்கு முன்னும் பின்னும் ஜாமீன் கோர்ட்டில் பார்வையாளர் வரிசையில் போய் உட்கார்ந்தார்கள். நீதிபதி யார், குற்றச்சாட்டு என்ன, விதித்த தொகை எவ்வளவு, "உன்னால் எவ்வளவு கட்ட முடியும்?" என்று ஒரு வார்த்தை கேட்டாரா என்பனவற்றை, ஒரு மனிதனின் கதி சில நிமிஷங்களில் நிர்ணயமாகிவிடும் அந்த அறையில், வழக்குக்கு வழக்கு ஒரு படிவத்தில் குறித்துக்கொண்டார்கள். ஜாமீன் 5,000 டாலர் என்றால் பெரும்பாலும் பத்தில் ஒரு பங்காகிய 500 டாலர் கட்டி அன்று வெளியே வர முடிந்தது. அந்த 500-க்கும் வழியில்லாதவர்களுக்காகத்தான் இத்தனை பாடும்.

கட்டளைக்குப்பின் நிலைமை ஓரளவு சீர்பட்டது மெய்யே. ஆயினும் எந்த நீதிபதியின் முன் நிற்க நேர்ந்தது என்பதைப் பொறுத்தே ஒருவனுடைய அதிர்ஷ்டம் அமைந்தது என்பதை அக்குறிப்புகள் அம்பலப்படுத்தின.

இப்படிக் கோர்ட்டில் உட்கார்ந்து குறிப்பெடுப்பது நீதிபதியின் சுதந்திரத்தில் தலையிடுவதாகாதா என்று ஆட்சேபிப்போர் உண்டு. பகிரங்கமாக நடக்கும் விசாரணையை நடந்தபடியே எழுதி ஊருக்குச் சொல்வது எப்படித் தலையீடாகும் என்பது எனக்கு விளங்கவில்லை. சிகாகோ அடங்கிய இல்லினாய் மாகாணத்தில் சர்க்யூட் நீதிபதி ஆறாண்டுக்கு ஒரு முறை ஜனங்களின் வாக்குக்கு நிற்பவர். 60 சதவீதம் கிட்டாவிடில் பதவி போய்விடும். அவர் ஆசனத்தில் அமர்ந்து செய்வது என்ன என்று அறியாத ஜனங்கள் எதைக்கொண்டு வாக்களிப்பார்கள்?

ரொக்க ஜாமீனை அடியோடு ஒழித்த முதல் மாகாணமாக 2023 செப்டம்பர் 18-இல் இல்லினாய் ஆயிற்று. எனினும், வெளியே விட்டால் ஆபத்து என்று கருதுபவரைக் காவலில் வைக்கும் அதிகாரம் இன்னும் நீதிபதியின் கையிலேயே இருக்கிறது. ஆகையால் அத்தொண்டர்கள் படிவத்திலுள்ள கேள்விகளை வேண்டுமானால் மாற்றிக்கொள்ளட்டும். கோர்ட்டுக்குப் போவதை மட்டும் நிறுத்திவிட வேண்டாம்.