கல்வெர்ட்டா... கல்வெட்டா?

ரோட்டுக்கு அடியில ஓடைத் தண்ணி போறதுக்குக் கட்டுற குட்டிப் பாலத்துக்கு என்ன பேரு? நம்ம சிவில் புக்குல 'கல்வெர்ட்'. சைட்ல மேஸ்திரியைக் கேட்டா 'கல்வெட்டு'ம்பார். சிரிக்காதீங்க பாஸ்... அவர் சொல்றதுதான் கரெக்ட்! ஒரு தடவை தப்பா வெச்சுட்டா, நாம பேரன் பேத்தி எடுக்கிற வரைக்கும் அது அப்படியேதான் கிடக்கும்.

எக்ஸாம்ல என்ன கேட்பாங்க? 'இந்தக் கல்வெர்ட்டுல விநாடிக்கு எத்தனை கனமீட்டர் தண்ணி போகும்?' அவ்வளவுதான். 'மீன் போகுமா?'ன்னு எந்தக் கொஸ்டின் பேப்பரும் கேட்டதில்லை.

ஏரியில புதுத்தண்ணி வந்தா கெளுத்தியும் கெண்டையும் எதிர்த்து ஏறும்னு உங்க தாத்தாவுக்கே தெரியும். ஒகேனக்கல் காவிரியில இருக்கிற மஹசீரும் மழைக்காலத்துல எதிரேறித்தான் முட்டையிடும். அப்படி ஏறி வர்ற மீனுக்கு நடுவுல ஒரு சிமென்ட் குழாய் வந்தா?

நம்ம மேனிங் ஃபார்முலாவை எடுங்க. கல்லும் புல்லுமா இருக்கிற ஓடைக்கு 'என்' மதிப்பு சுமார் 0.035, வழவழ கான்கிரீட்டுக்கு 0.013. அதே ஆழம், அதே சரிவுன்னா குழாய்க்குள்ள தண்ணி ரெண்டரை மடங்குக்கும் மேல வேகமா ஓடும். ஒதுங்கி மூச்சு வாங்க ஒரு கல்லுகூட இல்லாத இடத்துல குட்டி மீன் எப்படி நீந்தும்? போதாக்குறைக்கு, வேகமா விழுற தண்ணி குழாயோட வாயில மண்ணை அரிச்சுப் பள்ளமாக்கிடும். அப்புறம் மீன் ஹைஜம்ப்தான் பண்ணணும்!

அமெரிக்காவில சால்மன் மீனுக்கு இதே கதிதான். வாஷிங்டன் மாநிலத்துல ரோட்டுக்கு அடியில இருக்கிற கல்வெர்ட்டுகள் மீன்களை மறிக்குதுன்னு 2001-ல் பழங்குடிகள் கோர்ட்டுக்குப் போனாங்க. 'மீன் பிடிக்கிற உரிமையை 1850-கள்ல ஒப்பந்தத்துல எழுதிக் கொடுத்தீங்களே, மீனே இல்லைன்னா அந்த உரிமை எதுக்கு?'ங்கிறதுதான் வாதம். கேஸ் 2018-ல் சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போச்சு. நீதிபதிகள் 4-க்கு 4 சரிபாதியா பிரிஞ்சதால, பழங்குடிகளுக்குச் சாதகமான கீழ்க்கோர்ட் தீர்ப்பே நின்னது. இப்போ பல நூறு கோடி டாலர் செலவழிச்சு மாத்திக்கிட்டு இருக்காங்க.

அதே மாநிலத்துல சியாட்டில் நகரம். அங்கே தார்ன்டன் ஓடை அடிக்கடி பொங்கி ரோட்டை மூழ்கடிக்கும். 2014-ல் ஓடையை அகலமாக்கி, பெரிய கல்வெர்ட் வெச்சு, அடியில சரளைக்கல்லைப் பரப்பினாங்க. வெள்ளத் தொல்லை குறைஞ்சது. 2018-ல் சினூக் சால்மன் வந்து அங்கேயே முட்டையிட்டது! மீனுக்கு வழி விட்டா மனுஷனுக்கும் லாபம்.

நம்ம தர்மபுரிக்கு வருவோம். வத்தல்மலைப் பக்கமிருந்து வந்து, டவுனைத் தொட்டு, கம்பைநல்லூர் பக்கம் தென்பெண்ணையில சேருது சனத்குமார நதி. 'நதியா... எங்கே?'ன்னு கேட்கிறீங்களா? நாம மூக்கைப் பொத்திக்கிட்டு தாண்டிப் போறோமே, அதேதான். கழிவுநீரைக் கலக்கவிட்டு, நதியைச் சாக்கடையாக்கி வெச்சிருக்கோம்.

ஆனா மழை அதை இன்னும் நதின்னுதான் நினைக்குது. 2024 டிசம்பர்ல ஃபெஞ்சல் புயலப்போ, இதே மாவட்டத்து அரூர்ல ஒரே நாள்ல 33 செ.மீ. கொட்டுச்சு. அந்த மாதிரி மழை டவுன்ல பெய்ஞ்சா, குப்பை அடைச்ச குழாய் எத்தனை நிமிஷம் தாங்கும்?

முதல்ல சாக்கடையைத் திருப்பணும். அதுல ரெண்டு பேச்சே இல்லை. அடுத்ததுதான் முக்கியம். தூர்வாரி, ரெண்டு பக்கமும் சுவர் வெச்சு, அடியிலயும் கான்கிரீட் போட்டு மூடிட்டா, அது பளபளக்கிற கால்வாய். நதி இல்லை. தண்ணி மண்ணுக்குள்ள இறங்காது, மீனும் ஏறாது. ஓடையோட அகலத்துக்குக் குறையாத கல்வெர்ட், அதுக்குள்ளேயும் தொடர்ந்து போற மண் படுகை... இந்த ரெண்டும் வேணும்.

ஸோ, ஒரு ஹோம்வொர்க்! அடுத்த மழை விட்டதும் உங்க காலேஜ் பக்கத்துக் கல்வெர்ட்டைப் போய்ப் பாருங்க. அகலம் எவ்வளவு? பாதி அடைச்சிருக்கா? வெளிவாயில தண்ணி எவ்வளவு உயரத்துல இருந்து விழுது? போட்டோ எடுத்து, அளவு எழுதி, நகராட்சியில மனுவா கொடுங்க. ஃபைனல் இயர் பசங்களே, ப்ராஜெக்ட்டுக்கு டைட்டில் தேடி அலையறீங்களா? அது ரோட்டுக்கு அடியிலயே இருக்கு மச்சி!