சைரஸைத் திறந்து காட்டுங்கள்

நாகசாகியில் விழுந்த குண்டுக்குப் புளூட்டோனியம் தயாரித்தது, அமெரிக்காவின் ஹான்ஃபோர்டில் 1944இல் இயங்கத் தொடங்கிய 'பி' அணு உலை. அதை மூடிய பிறகு, பொதுமக்களையே உள்ளே அழைத்துப்போய்ச் சுற்றிக் காட்டினார்கள்.

நம்மிடமும் ஒன்று உண்டு நண்பர்களே! மும்பை டிராம்பேயில் இருக்கும் சைரஸ். கனடா உதவியோடு, அமைதிப் பணிக்கென்று 1960இல் வந்தது. மருத்துவத்துக்கு ஐசோடோப்பும் தந்தது. 1974 பொக்ரான் சோதனைக்குப் புளூட்டோனியமும் தந்தது. 2010 டிசம்பர் 31இல் மூடிவிட்டார்கள்.

நான் வணிகவியல் மாணவன். பற்று, வரவு இரண்டையும் காட்டினால்தான் எனக்கு அது கணக்கு. சைரஸைப் பாதுகாப்பாக்கி, இரண்டு பக்கத்தையும் மறைக்காமல் எழுதிவைத்து, மாணவர்களுக்குத் திறந்து காட்ட வேண்டும்.

மும்பை ரயில் எங்கள் திருத்தணி வழியாகத்தான் போகிறது. கதவைத் திறந்தால் நான் ரெடி. நீங்க?